கணினி நிறைவேற்றும் ஒப்பந்தம்: வழக்கென்று வந்தால் எதைக் காட்டுவது?

புறக்கோட்டையில் புடைவை மொத்த வியாபாரம் செய்யும் ஹாஜியார் ஒருவர் அண்மையில் அச்சிட்ட தாளொன்றுடன் என்னைச் சந்தித்தார். சிங்கப்பூர் விலாசம் கொடுத்த ஒரு விநியோகஸ்தர் அனுப்பிய மின்னஞ்சல் அது. இம்முறை வங்கியில் எல்.சி. திறக்க வேண்டியதில்லை, வங்கிக் கட்டணமும் இல்லை, சரக்கின் பெறுமதியை டிஜிட்டல் நாணயமாக மாற்றி ஒரு 'ஸ்மார்ட் ஒப்பந்தத்தில்' இட்டு வைத்தால் போதும் என்று அதில் எழுதியிருந்தது. சரக்கு கப்பலேறினால் பணம் தானாக விற்பவருக்குப் போகும். ஏறாவிட்டால் தானாகவே வாங்குபவருக்குத் திரும்பும். இடையில் எவருடைய கையும் படாதாம்.

"நாற்பது வருஷமா வாய்ச்சொல்லிலயும் துண்டுச் சீட்டிலயும் யாவாரம் செஞ்சிருக்கேன் மகன். வழக்குண்டு வந்தா அந்தச் சீட்டையாவது காட்டலாம். இதில எதைக் காட்டுற? யாரைப் பிடிக்கிற?" என்று கேட்டார் ஹாஜியார்.

அவர் கேட்டது சாதாரணக் கேள்வியல்ல. உலகின் பல நாடுகளில் சட்டத்தரணிகளும் நீதியரசர்களும் சில வருடங்களாகத் தலையைப் பிய்த்துக்கொள்ளும் கேள்வியே அது. நமது வர்த்தகர்கள் பலருக்கும் இத்தகைய அழைப்புகள் வரத் தொடங்கியிருப்பதால் இவ்வாரம் இதனைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

பெயர் ஏமாற்றுகிறது

ஸ்மார்ட் ஒப்பந்தம் என்பது உண்மையில் ஒரு கணினி நிரல். 'இது நடந்தால் அதைச் செய்' என்பதே அதன் சாரம். இப்பெயரை 1990களில் உருவாக்கியவர் நிக் சாபோ என்ற அமெரிக்க கணினி விஞ்ஞானி. அவர் காட்டிய உதாரணம் எளிமையானது. காசு போட்டால் குளிர்பானப் போத்தலைத் தள்ளிவிடும் இயந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். அங்கே விற்பவர் இல்லை, பேரம் இல்லை, கடன் சொல்லவும் வழியில்லை. நிபந்தனை பூர்த்தியானால் பொருள் விழும். 2015இல் எதீரியம் என்ற வலையமைப்பு இயங்கத் தொடங்கியபின் இத்தகைய நிரல்களை எவரும் எழுதி புளொக்செயினில் ஏற்றிவிட முடிந்தது.

புளொக்செயின் என்பதை ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே நேரத்தில் எழுதப்படும் பேரேடு என்று விளங்கிக்கொள்ளலாம். நமது கடைக் கணக்குப் புத்தகத்தில் பிழை வந்தால் கணக்கப்பிள்ளை சிவப்பு மையால் வெட்டித் திருத்துவார். இந்தப் பேரேட்டில் வெட்டுவதற்கு வழியில்லை. அதில் ஏற்றப்பட்ட நிரலும் பொதுவாக அப்படித்தான், எழுதும்போதே நிறுத்தும் வழியொன்றை உள்ளே வைத்திருந்தாலன்றி ஓடத் தொடங்கியபின் நிறுத்த முடியாது.

எல்.சி.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கப்பல் பற்றுச்சீட்டில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் வங்கி அதிகாரி ஆவணங்களைத் திருப்பி அனுப்புவார். நாமும் அவரோடு சண்டை பிடித்திருக்கிறோம். ஆனால் அவருக்கு ஒரு தொலைபேசி இலக்கம் உண்டு, விற்பவரும் வாங்குபவரும் ஒத்துக்கொண்டால் அந்தப் பிழையைக் கடந்து போகவும் வழியுண்டு. நிரலுக்குத் தொலைபேசி கிடையாது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சரக்கு கப்பலேறியதை நிரல் தன் கண்ணால் பார்ப்பதில்லை. யாரோ ஒருவர், அல்லது ஏதோ ஓர் இணையத்தளம், அதற்கு அந்தத் தகவலைக் கொடுக்க வேண்டும். கொடுப்பவர் பொய் சொன்னால் நிரல் அந்தப் பொய்யின்படியே பணத்தைக் கொடுத்துவிடும். 'இடையில் எவர் கையும் படாது' என்ற பேச்சு இந்த இடத்தில்தான் உடைகிறது.

நிரலே சட்டம் என்றவர்கள்

தொடக்க காலத்தில் இத்துறையினர் மத்தியில் ஒரு வீரப்பேச்சு இருந்தது. நிரலில் எழுதியதே சட்டம், நீதிமன்றம் தேவையில்லை என்பார்கள். 2016இல் 'த டாவோ' என்ற கூட்டு முதலீட்டுத் திட்டம் எதீரியத்தில் அமைக்கப்பட்டது. விளக்கக் குறிப்புகள் எதுவாக இருந்தாலும் நிரலே மேலோங்கும் என்று அதன் நிபந்தனைகளிலேயே எழுதியிருந்தார்கள். 2016 ஜூன் 17ஆந் திகதி ஒருவர் நிரலில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்தார். ஒருவர் பணம் எடுத்தபின் மீதியைக் குறைத்து எழுதுவதற்கு முன்பே மீண்டும் மீண்டும் எடுக்க அந்த ஓட்டை இடமளித்தது. சுமார் 36 இலட்சம் ஈதர், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 5 கோடி அமெரிக்க டொலர், வெளியே போனது.

நிரலே சட்டம் என்றால் எடுத்தவர் செய்தது களவல்ல, நிரல் அனுமதித்ததையே அவர் செய்தார். ஆனால் பணம் போட்டவர்கள் அதை ஏற்கவில்லை. முடிவில் அடுத்த மாதம் பெரும்பான்மையினர் பேரேட்டையே மாற்றி எழுதிப் பணத்தை மீட்டனர். அதை ஏற்காதவர்கள் பழைய பேரேட்டோடு பிரிந்து போயினர். மாற்றவே முடியாது என்ற பேரேட்டை, பெருந்தொகை போனதும் மாற்றினார்கள். ஹாஜியாரின் ஒரு கொள்கலன் புடைவைக்காக எவரும் அப்படி மாற்றப் போவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நாடுகள் என்ன செய்தன?

இத்தாலி 2019இல் நேரடியாகச் சட்டத்திலேயே ஸ்மார்ட் ஒப்பந்தத்துக்கு வரைவிலக்கணம் கொடுத்தது. தரப்பினர் முறைப்படி அடையாளங் காணப்பட்டிருந்தால் அது எழுத்து மூல ஒப்பந்தத்துக்குச் சமம் என்றது. ரஷ்யா அதே ஆண்டு தனது சிவில் சட்டக் கோவையைத் திருத்தியது. அச்சொல்லையே பயன்படுத்தாமல், குறித்த சூழ்நிலை ஏற்பட்டதும் தகவல் தொழில்நுட்பத்தின் மூலம் கடப்பாடு தானாக நிறைவேறலாம் எனத் தரப்பினர் உடன்படலாம் என்று மட்டும் சேர்த்தது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் அதற்கு முன்பே, 2017இல், ஸ்மார்ட் ஒப்பந்தம் என்ற ஒரே காரணத்துக்காக ஓர் உடன்படிக்கையைச் செல்லாது எனத் தள்ள முடியாது என்றது.

இங்கிலாந்து புதுச் சட்டம் இயற்றப் போகவில்லை. அந்நாட்டின் சட்ட ஆணைக்குழு 2021 நவம்பரில் கொடுத்த ஆலோசனையில் இருக்கின்ற ஒப்பந்தச் சட்டமே போதும் என்றது. அந்த ஆவணத்திலுள்ள ஒரு பிரிப்பு நமக்கு மிகவும் பயனுள்ளது. முதல் வகையில் ஒப்பந்தம் சாதாரண மொழியில் இருக்கும், நிரல் அதை நிறைவேற்றும் கருவி மட்டுமே. இரண்டாவதில் சில நிபந்தனைகள் மொழியிலும் சில நிரலிலும் இருக்கும். மூன்றாவதில் எல்லாமே நிரல்தான். முதல் வகையில் பிணக்கு வந்தால் நீதிமன்றம் எழுத்தைப் படிக்கும், நிரல் எழுத்துக்கு மாறாக ஓடியிருந்தால் அது ஒப்பந்த மீறல். மூன்றாவது வகையில் நீதிபதி நிரலையே படிக்க வேண்டிவரும். அப்போது, நிரல்மொழி தெரிந்த நியாயமான ஒரு மனிதர் அதை எப்படி விளங்கிக்கொள்வார் என்று பார்க்க வேண்டும் என ஆணைக்குழு யோசனை கூறியது.

நிரல்மொழி தெரியாத புடைவை வியாபாரி அந்த 'நியாயமான மனிதர்' அல்ல. ஹாஜியாருக்கு வந்திருந்த யோசனை இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தது.

சிங்கப்பூரில் ஒரு வழக்கு

இத்துறையில் வர்த்தகர்கள் தெரிந்திருக்க வேண்டிய வழக்கு ஒன்று உண்டு. குவொய்ன் என்ற நிறுவனம் சிங்கப்பூரில் டிஜிட்டல் நாணயச் சந்தை ஒன்றை நடத்தியது. பீ டூ சீ டூ என்ற நிறுவனம் அதில் வாங்கி விற்று வந்தது. இரு பக்கமும் மனிதர்கள் அமர்ந்து விலை பேசவில்லை, நிரலோடு நிரல் பேசியது. இந்த வியாபாரங்கள் சந்தையின் உள்ளகக் கணினியில் நடந்தவை, புளொக்செயினில் ஏற்றிய நிரலால் நடந்தவையல்ல. ஆயினும் மனிதர் தலையிடாத வியாபாரத்தைச் சட்டம் எப்படி நோக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம்.

2017 ஏப்ரல் 19ஆந் திகதி குவொய்ன் தன் கணினிகளின் சில கடவுச்சொற்களை மாற்றியபோது ஏற்பட்ட கவனக்குறைவால், வெளிச்சந்தை விலைகளைக் கொண்டுவரும் நிரல் வேலை செய்யாமற் போனது. சந்தையில் விலை கேட்போரும் கொடுப்போரும் அருகினர். கடன் வாங்கி வியாபாரம் செய்திருந்த இரு வாடிக்கையாளரின் ஈடு போதாது என்று கணினி தானே முடிவெடுத்து, கிடைத்த விலைக்கு ஈதர் வாங்கத் தொடங்கியது. அன்று ஒரு ஈதரின் சந்தை விலை சுமார் 0.04 பிட்கொயின். ஆனால் பீ டூ சீ டூவின் நிரலில், சந்தைத் தகவல் போதாதபோது பாவிப்பதற்கென ஒரு ஈதருக்கு 10 பிட்கொயின் என்ற விலை முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருந்தது. அந்த விலைக்கே 13 வியாபாரங்கள் முடிந்தன. சந்தை விலையைப் போல் சுமார் 250 மடங்கு! 309 ஈதருக்குச் சற்று மேல் கொடுத்து 3,092 பிட்கொயினுக்கு மேல் அந்நிறுவனம் பெற்றது.

மறுநாள் குவொய்ன் விழித்துக்கொண்டு அந்த வியாபாரங்களை எல்லாம் தன்னிச்சையாகத் திருப்பி எழுதியது. ஆனால் நிறைவேறிய கட்டளை மீளப்பெற முடியாதது என்று அதன் சொந்த நிபந்தனைகளிலேயே எழுதியிருந்தது. வழக்கு சிங்கப்பூர் சர்வதேச வர்த்தக நீதிமன்றத்துக்குப் போனது. 2019 மார்ச்சில் பீ டூ சீ டூவுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 2020 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம், நம்பிக்கைப் பொறுப்பு மீறப்பட்டது என்ற பகுதியை நீக்கிவிட்டு, ஒப்பந்த மீறல் என்ற பகுதியை நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையால் உறுதி செய்தது.

இது வெளிப்படையான தவறு, எவருக்கும் தெரியக்கூடிய தவறு, ஆகவே வியாபாரம் செல்லாது என்றே குவொய்ன் வாதிட்டது. கடையில் 5,000 ரூபா சேலைக்குப் பிழையாக 50 ரூபா சீட்டு ஒட்டியிருப்பதைக் கண்டு, தவறு என்று தெரிந்துகொண்டே ஒருவர் அள்ளிக்கொண்டு போனால் சட்டம் அவரைக் காப்பாற்றாது. ஆனால் இங்கே அள்ளியது நிரல். நிரலுக்கு என்ன தெரியும்? நிரல் எழுதியதையே செய்யும் கருவி, ஆகவே அதை எழுதியவரின் மனதைத்தான் பார்க்க வேண்டும், எழுதிய காலம் முதல் வியாபாரம் நடந்த நேரம் வரை அவருக்கு என்ன தெரிந்திருந்தது என்று பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். பிறருடைய தவறைச் சுரண்டும் எண்ணத்தோடு அவர் 10 என்ற இலக்கத்தை எழுதவில்லை என்று காணப்பட்டதால் வியாபாரம் நிலைத்தது. உடன்படாத நீதிபதி, நடந்ததை அறிந்த எந்த நேர்மையான மனிதரும் இது பாரிய தவறு என்று உடனே விளங்கிக்கொண்டிருப்பார், திருப்பியதே நியாயம் என்றார்.

என் தனிப்பட்ட அபிப்பிராயத்தைக் கேட்டால், அந்த ஒரு நீதிபதியின் பக்கமே மனம் சாய்கிறது. ஆயினும் சட்டம் பெரும்பான்மையின் பக்கம். நிரலில் எழுதிவிட்டு, 'நான் அப்படி நினைக்கவில்லை' என்று பின்னர் சொல்வது இலகுவில் எடுபடாது.

நம் நாட்டுச் சட்டம்

இலங்கையில் ஒப்பந்தச் சட்டத்தின் அடித்தளம் ரோமன் டச்சுச் சட்டம். இரு தரப்பும் கருத்தூன்றி உடன்பட்டு, நோக்கமும் சட்டபூர்வமானதாக இருந்தால் ஒப்பந்தம் பிறந்துவிடும். பொதுவாக அது எந்த வடிவில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. எனவே நிரல் வடிவில் இருப்பதே ஒரு குற்றமாகாது.

ஆனால் பொருள் விற்பனைக்கு 1896ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம் உண்டு. பொருளில் ஒரு பகுதியையேனும் பெற்றிருக்க வேண்டும், அல்லது விலையில் ஒரு பகுதியையேனும் கொடுத்திருக்க வேண்டும், அல்லது கையொப்பமிட்ட எழுத்துக் குறிப்பு இருக்க வேண்டும். இவற்றில் ஒன்றும் இல்லாவிட்டால் வழக்காட முடியாது. கணினியில் இருப்பது 'எழுத்து' ஆகுமா என்ற கேள்விக்கு 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் பதில் தருகிறது. இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்ற காரணத்துக்காக மட்டும் ஓர் ஒப்பந்தத்தை மறுக்க முடியாது. பின்னர் பார்க்கக்கூடியதாக இருந்தால் அது எழுத்தாகவும் கொள்ளப்படும். இலத்திரனியல் கையொப்பத்துக்கும் இடமுண்டு, சான்றாக முன்வைக்கவும் வழியுண்டு. ஸ்மார்ட் ஒப்பந்தம் என்ற சொல் அதில் இல்லை. ஆயினும் கதவு திறந்தே இருக்கிறது.

சர்வதேச ஒப்பந்தங்களில் இலத்திரனியல் தொடர்பாடல் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2015இல் உறுதிப்படுத்தி, 2017இல் தன் சட்டத்தையும் அதற்கேற்பத் திருத்தியது. சிங்கப்பூரும் அச்சமவாயத்தில் உண்டு. தானியங்கிக் கணினியோடு மனிதரோ, கணினியோடு கணினியோ செய்த ஒப்பந்தம், எந்த மனிதரும் தனித்தனியே பார்வையிடவில்லை என்பதற்காக மட்டும் செல்லாததாகிவிடாது என்கிறது அச்சமவாயம். மற்றவரின் தானியங்கிக் கணினியில் ஒருவர் இலக்கத்தைப் பிழையாகத் தட்டிவிட்டு, திருத்த அது வாய்ப்புத் தரவில்லை என்றால், உடனடியாக அறிவித்து அப்பகுதியை மீளப்பெறவும் அவருக்கு உரிமை உண்டு. ஆனால் அதனால் எந்தப் பயனையும் அடைந்திருக்கக் கூடாது. 100 சுருள் துணிக்குப் பதில் 1,000 என்று தட்டிவிட்டால் சட்டத்தில் பரிகாரம் உண்டு என்று பொருள். போன பணத்தை மறுபக்கத்திலிருந்து எடுப்பது வேறு கதை.

காணியை மட்டும் இந்தப் பக்கம் கொண்டுவர வேண்டாம். 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச்சட்டத்தின்படி காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். 2006ஆம் ஆண்டுச் சட்டமும் காணி விற்பனையையும் மரண சாசனத்தையும் தன் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது. 'புளொக்செயினில் காணித் துண்டு' என்று எவரேனும் வந்தால் முதலில் உறுதியைக் கேளுங்கள்.

அடுத்தது பணம். ஒப்பந்தம் செல்லுபடியானாலும் அதற்குள் இடும் நாணயம் எது? டிஜிட்டல் நாணயங்கள் சட்டபூர்வ நாணயமல்ல என்றும், அவற்றின் ஆபத்து பாவிப்போரையே சேரும் என்றும் மத்திய வங்கி 2018 முதல் பல தடவை பொதுமக்களுக்கு அறிவித்திருக்கிறது. கடன் அட்டை, டெபிட் அட்டை மூலம் அவற்றை வாங்கக் கூடாது என்று 2021இல் அந்நியச் செலாவணிப் பணிப்புரையும் வெளியிட்டது. எல்.சி. மூலம் இறக்குமதி செய்யும்போது பணம் நாட்டைவிட்டுப் போனதற்கு வங்கியில் பதிவிருக்கும். இந்த வழியில் அது இருக்காது. சுங்கத்திலும் வருமான வரித் திணைக்களத்திலும் கேள்வி வந்தால் ஹாஜியார் எதைக் காட்டுவார்?

தானாகப் பூட்டும் உரிமை

இதே தானியங்கி முறையின் இன்னொரு பக்கத்தை ஜேர்மனியின் உயர் சிவில் நீதிமன்றம் 2022 ஒக்டோபரில் தொட்டது. மின்சாரக் காரின் மின்கலத்தை வாடகைக்கு விட்ட நிறுவனமொன்று, வாடகை ஒப்பந்தத்தை முறித்தபின் தூரத்திலிருந்தே மின்கலம் மின்னேறாமல் தடுக்கலாம் என்று தன் நிபந்தனைகளில் எழுதியிருந்தது. பொதுமக்களோடு செய்யும் ஒப்பந்தத்தில் அந்த நிபந்தனை செல்லாது என்றது நீதிமன்றம். வாடகைக்காரருக்கு நியாயமான மறுப்பு இருக்கலாம், பூட்டிவிட்டால் முழுக் காரும் பயனற்றுப் போகும், நீதிமன்றம் போகும் சுமையும் அவர் தலையிலேயே விழும். தவணைக்குப் பொருள் விற்கும் நம்மவர்களும், தவணைக்கு வாங்குபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். நிரலால் ஒன்றைச் செய்ய முடியும் என்பது வேறு, அதைச் செய்ய உரிமை இருக்கிறது என்பது வேறு.

ஹாஜியாருக்குச் சொன்னது

நான் அவருக்குச் சொன்னவை அதிகமில்லை. நிரலுக்குப் பக்கத்தில் சாதாரண மொழியில் எழுதிக் கையொப்பமிட்ட ஒப்பந்தம் ஒன்று இருக்க வேண்டும், இரண்டும் முரண்பட்டால் எழுத்தே மேலோங்கும் என்று அதில் சொல்ல வேண்டும். எந்த நாட்டுச் சட்டம், எங்கே மத்தியஸ்தம் என்பதும் அதில் வேண்டும். வெளிநாட்டு மத்தியஸ்தத் தீர்ப்புகளை இங்கே நிறைவேற்ற 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இடமளிக்கிறது, சிங்கப்பூரிலும் அதற்கு வழியுண்டு. சரக்கு கப்பலேறியது என்று நிரலுக்குச் சொல்லப் போவது யார், அவர் பிழையாகச் சொன்னால் நட்டம் யாருக்கு என்று எழுத வேண்டும். பிணக்கு வந்தால் நிரலை நிறுத்தும் வழி இருக்கிறதா, அதன் சாவி யாரிடம் என்று கேட்க வேண்டும். கடைசியாக, மறுபக்கத்தில் இருப்பவர் யார்? புளொக்செயினில் தெரிவது நீண்ட எழுத்துக்கோவை ஒன்றுதான். அதன்மேல் அழைப்பாணை ஒட்ட முடியாது.

ஹாஜியார் தன் மருமகனைக் கொண்டு மூன்று கேள்விகள் எழுதி அனுப்பினார். கப்பலேற்றத்தை உறுதிப்படுத்துவது யார் என்றதற்குப் பதில் வந்தது, 'எங்கள் நிறுவனத்தின் இணையத்தளம்' என்று. நிறுத்தும் சாவி யாரிடம் என்றதற்கும் வந்தது, அதுவும் அவர்களிடமே. சிங்கப்பூரில் உங்கள் நிறுவனத்தின் பதிவு இலக்கம் என்ன என்ற மூன்றாவது கேள்விக்கு இதை எழுதும் வரை பதில் வரவில்லை. ஹாஜியார் பழைய வங்கிக்கே போய், பழைய விநியோகஸ்தருக்கு எல்.சி. திறந்திருக்கிறார். கட்டணம் கூடிவிட்டது என்ற முறைப்பாடு மட்டும் அவருக்கு இன்னும் இருக்கிறது.